அழிக்காத பொட்டு

குமாஸ்தா சிங்காரம் ரப்பர் முத்திரையை ஓங்கிக் குத்தினார். டப் என்றது. பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த திருமூர்த்தியின் தோள் இரண்டும் தூக்கிப் போட்டன. சாந்தாமணி அதைப் பார்க்காதவள் போலச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பத்தே முக்கால். இந்த மனுஷனுக்கு மெதுவாக வைக்கத் தெரியாதா, காகிதம் என்ன எழுந்து ஓடியா போகப் போகிறது என்று குமாஸ்தா மேல் கோபம் வந்தது, வந்த வேகத்தில் போயும் விட்டது. வக்கீல் ஆபீஸ் என்றால் முத்திரை குத்தத்தான் செய்வார்கள், அவருக்கு என்ன தெரியும் பாவம். மேலிருந்து ஒன்று வேகமாக இறங்கினால் போதும், முத்திரையோ, கடை ஷட்டரோ, எதுவானாலும் மூன்று மாதமாகப் புருஷனுடைய உடம்பு இப்படித்தான் துள்ளுகிறது. முழுக்கைச் சட்டையின் நுனி இரண்டையும் மடித்து ஊக்குக் குத்தியிருந்தாள். மடிப்புக்குள்ளே முழங்கைக்குக் கீழே நாலு விரற்கடை, அதற்கப்புறம் ஒன்றும் கிடையாது. காலையில் அவசரத்தில் பொத்தான் ஒன்று மாறிப் போயிருப்பது இப்போதுதான் கண்ணில் பட்டது, காலர் ஒரு பக்கம் ஏறிக்கொண்டு நின்றது. இத்தனை பேர் முன்னால் கழற்றி மாட்டினால் அவருக்குப் பிடிக்காது. ஈ ஒன்று அவர் மூக்கு நுனியில் வந்து உட்கார்ந்தது. அவர் தலையை ஆட்டினார், ஈ எழுந்து ஒரு சுற்றுச் சுற்றி அதே இடத்துக்கு வந்தது, சனியனுக்கு ஆள் யாரென்று தெரிந்திருக்கிறது. முந்தானையால் விசிறி விட்டாள். "தண்ணி வேணுமுங்களா மாமா?" என்று கேட்டதற்கு, "வேண்டாம்" என்றார். தண்ணீர் குடித்தால் ஒண்ணுக்குப் போக வேண்டும், போனால் அவளையும் கூட்டிக்கொண்டு போக வேண்டும், அதனால் வெளியே கிளம்பும் நாளில் அவருக்குத் தாகமே எடுப்பதில்லை. உள்ளறைக் கதவு சாத்தியிருந்தது. வக்கீல் வசுந்தரா யாருடனோ பேசிக்கொண்டிருப்பது கேட்டது. ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், அந்த அம்மாவிடம் தனியாகப் பேசக் கிடைத்தால் போதும், சொல்லிவிடலாம். இவர் காதில் விழாமல் சொல்ல வேண்டும், அதுதான் பெரும்பாடு. மடியில் இருந்த பைக்குள்ளே போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்க்கத் தேவையில்லை, கம்பெனி மேனேஜர் பிரபாகர்தான். பன்னிரண்டு மணிக்குள் வந்து கையெழுத்துப் போட்டுவிட வேண்டும் என்று சொல்லியிருந்தார். பையைத் தொடையோடு சேர்த்து அழுத்திக்கொண்டாள், அதிர்வு தொடையில் ஏறியது.

அந்த மேனேஜர் மனுஷன் ஆப்பிள் பையோடுதான் வீட்டுக்கு வந்தார் போன செவ்வாய்க்கிழமை. ஆப்பிளும் ஹார்லிக்ஸும். இவர் மாத்திரை போட்டுக்கொண்டு அசந்து தூங்கும் நேரம் பார்த்து வந்தாரோ, தற்செயலோ, அது அந்தப் பழநி ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு சமையற்கட்டு நிலைப்படி வரைக்கும் வந்து, குரலைத் தாழ்த்தி, கூடப் பிறந்தவன் மாதிரி பேசினார். "கோர்ட்டு கேஸுன்னு போறீங்கன்னு கேள்விப்பட்டனுங்க. போங்க, வேண்டாம்னு சொல்லுல. ஆனா ஒண்ணு பாத்துட்டுப் போங்க" என்று போனை நீட்டினார். படம். அரக்குப் புடவை கட்டிக்கொண்டு, தலை நிறையப் பூவோடு, வாயெல்லாம் பல்லாக, மிஷினுக்குப் பொட்டு வைத்துக்கொண்டிருக்கிறாள் ஒருத்தி. யார் இந்தப் பொம்பளை, இவ்வளவு சந்தோஷமாக, என்று ஒரு கணம் அவளுக்கே தெரியவில்லை. "சென்சாருக்கு மேல சந்தனத்த அப்புனது நீங்க. பூசை முடிஞ்ச மக்காநாள் மிஷின் ஓடுல. ஃபோர்மேன் சின்னராசு தொடைக்கறதுக்குத் துணி எடுத்துட்டுத்தான் போனாரு. உங்கூட்டுக்காரரு என்ன சொன்னாரு தெரியுமா? எங்கூட்டுக்காரி வெச்ச பொட்டு, அழிக்காதீங்கன்னாரு. பத்துப் பேரு கேட்டாங்க. அப்பறந்தான் சென்சார ஆஃப் பண்ணி ஓட்டுனது. இத ஜட்ஜு கேட்டா யாரு மேல தப்புன்னு சொல்லுவாரு, நீங்களே சொல்லுங்க." அடுப்பில் ரசம் பொங்கி வழிந்தது. அணைக்க வேண்டும் என்று தெரிந்தது, கை போகவில்லை. கம்பெனி கொடுப்பதை வாங்கிக்கொண்டு, விபத்து என்னுடைய கவனக்குறைவால் நேர்ந்தது என்று எழுதிய தாளில் அவள் ஒப்பம் வைத்துவிட்டால் படம் போனோடு இருக்குமாம், இல்லையென்றால் அவர்களுடைய வக்கீலுக்குப் போகுமாம். "உங்களையக் கூண்டுல ஏத்தி நாலு கேள்வி கேப்பாங்க அக்கா, எனக்கே சங்கட்டமா இருக்குது" என்றார். சங்கடப்பட்ட முகம்தான். அதுதான் இன்னும் பயமாக இருந்தது. ஏசிவிட்டுப் போயிருந்தால் திருப்பி ஏசியிருக்கலாம். அவர் போன பிறகு ஆப்பிளை என்ன செய்வதென்று தெரியவில்லை, மறுநாள் மாட்டுக்குப் போட்டாள். இவரிடம் மூச்சுக் காட்டவில்லை. மூச்சுக் காட்டினால், நீங்கள் சொன்னது எனக்குத் தெரிந்துவிட்டது என்று ஆகிவிடும்.

டப். மறுபடியும் தோள் துள்ளியது. குமாஸ்தா மேஜைக்குப் பக்கத்தில் பழைய பிரிண்டர் ஒன்று நின்றது, அதன் நெற்றியில் ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனம் காய்ந்து வெடித்து, நடுவில் குங்குமம் மட்டும் திட்டாக நின்றது. உள்ளே வந்ததிலிருந்து அதைப் பார்க்கக் கூடாது என்று நினைக்கிறாள், பார்வை அங்கேதான் போய் விழுகிறது. இங்கேயும் யாரும் அழிக்கவில்லை. யார்தான் அழிப்பார்கள். சாமிக்கென்று வைத்தது தானாக உதிர்ந்தால் உதிரட்டும் என்று விட்டுவிடுவதுதான் எல்லாருக்கும் வழக்கம், பீரோவிலும் சைக்கிளிலும் அடுத்த பொங்கல் வரைக்கும் அது பாட்டுக்கு இருக்கும். பிரஸ்ஸிலும் அப்படித்தான் இருந்திருக்கும். மோட்டாருக்கான தகடு வெட்டுகிற பிரஸ் அது, பதினோரு வருஷமாக அவர் ஒருத்தர் கையில்தான் இருந்தது, வேறு யாராவது தொட்டால் அன்றைக்குச் சாப்பாடு இறங்காது அவருக்கு. மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து, வாழைக்கன்று கட்டி, மாவிலை கட்டி, குடும்பத்தோடு வரச் சொல்லியிருந்தார்கள். சந்தனக் கிண்ணத்தை அவள் பக்கம் நீட்டி, "இந்தா அம்மணி, எம் மிஷினுக்கு நீதான் வெக்கோணும்" என்று அத்தனை பேர் முன்னால் சொன்னார். கூச்சமாகவும் இருந்தது, தலைகால் புரியாமலும் இருந்தது. மூன்று விரலால் பட்டை போட்டாள், நடுவில் குங்குமம் வைத்தாள். அப்புறம்தான் இரண்டு பக்கமும் ஆள் மார் உயரத்துக்கு நின்ற மஞ்சள் கம்பம் கண்ணில் பட்டது, கம்பம் நெடுகக் கறுப்புக் கண்ணாடிக் கோடு. "இது என்னதுங்க?" என்று கேட்டாள். "அதுதான் கண்ணு. கை உள்ள இருக்கறப்ப மிஷினு எறங்காது, அது பாத்துக்கும். எங்களுக்கெல்லாம் காவலு அதுதான்" என்றார். "அப்ப அதுக்கில்லீங்க மொதல்ல வெக்கோணும்" என்று சொல்லி, கிண்ணத்தில் மிச்சம் இருந்ததையெல்லாம் வழித்து, கண்ணாடி மேலேயே கெட்டியாக, வட்டமாக, கல்யாணப் பெண்ணுக்கு வைக்கிற மாதிரி வைத்தாள். எல்லாரும் சிரித்தார்கள். யாரோ படம் எடுத்தார்கள். காவலுக்கு நிற்கிறதே என்று வைத்த பொட்டு. அடி பாதகத்தி, அதன் கண்ணையே அடைத்துவிட்டு வந்திருக்கிறாய்.

ஒரு விரற்கடை தள்ளி வைத்திருந்தால். செவ்வாய்க்கிழமையிலிருந்து காலையில் பல் துலக்கும்போது ஒரு விரற்கடை, இவருக்குச் சோறு ஊட்டும்போது ஒரு விரற்கடை. கண்ணாடியை விட்டுவிட்டு மஞ்சள் இரும்பின் மேல் வைத்திருந்தால் மிஷின் பாட்டுக்கு ஓடியிருக்கும், கண் பாட்டுக்குப் பார்த்திருக்கும். இல்லை, மிஷின் நின்றதே, சரியாகத்தானே நின்றது, எனக்குத் தெரியவில்லை, நான் இறங்க மாட்டேன் என்றுதானே சொன்னது அந்த இரும்பு, அதற்கு இருந்த புத்தி மனுஷருக்கு இல்லையே. யாருக்கு இல்லை? இங்கே வந்ததும் நினைப்பு முள்ளில் மாட்டிய சேலை மாதிரி நின்றுவிடும். இழுத்தால் கிழியும். ஆஸ்பத்திரியில் கண் விழித்த அன்றைக்கு அவர் சொன்னது இவ்வளவுதான்: "கண்ணு ரிப்பேரு அம்மணி. அதான்." அதற்கப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. ரிப்பேர் என்று அவள் நம்பினாள், நம்பி, ரிப்பேர் பார்க்காத கம்பெனிக்காரனை வாயாரச் சபித்தாள், அவர் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். கேட்டுக்கொண்டிருந்தாரே, மகராசன். கல்யாணமான புதிதில் ஒருநாள் வேர்வையில் நெற்றிப் பொட்டைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தபோது, "வெறும் நெத்தியோட எங்கண்ணு முன்னால வராத" என்று முகம் மாறிச் சொன்ன ஆள். அவர் அப்பா போனபோது அம்மா நெற்றியை நாலு பேர் பிடித்து அழித்ததைப் பத்து வயதில் பார்த்தவர். அந்த ஆளிடம் துணியை எடுத்துக்கொண்டு போய், உன் பெண்டாட்டி வைத்த பொட்டை அழிக்கிறேன் என்றால் என்ன சொல்வார்? அதைத்தான் சொல்லியிருக்கிறார். என் பொட்டு அழியக் கூடாது என்று இரண்டு கையையும் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார். இதை எந்த ஜட்ஜிடம் போய்ச் சொல்வது, எந்தச் சட்டத்தில் இதற்கு இடம் இருக்கும்? கேஸ் தோற்றுப் போனால் செயற்கைக் கை இல்லை, வைத்தியம் இல்லை, இந்தப் பெஞ்சில் இருக்கிற மாதிரியே ஈயை ஓட்டச் சொல்லிக்கொண்டு ஆயுசு முழுக்க உட்கார்ந்திருப்பார். எல்லாவற்றையும்விட, தன் பொட்டால்தான் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டதை அவர் தெரிந்துகொள்வார். பயம் அதில்தான் இருந்தது, கோர்ட்டில் கூட இல்லை. பை மறுபடி அதிர்ந்தது. பதினொன்று இருபது. நிற்கும் என்று பார்த்தால் நிற்கவே இல்லை. "யாரு?" என்றார் திருமூர்த்தி. "கேஸ் கம்பெனிக்காரனுங்க மாமா, சிலிண்டர்" என்றாள். பொய் இப்போதெல்லாம் எவ்வளவு சுருக்காக வருகிறது.

"திருமூர்த்தி, உள்ள வாங்க" என்றார் சிங்காரம். அவள் முந்திக்கொண்டு எழுந்து, "நான் மட்டும் ஒரு நிமிசம் மேடத்தப் பாத்துட்டு..." என்று ஆரம்பித்தாள். "ரெண்டு பேருமே வாங்கம்மா, மனு தயாரா இருக்கு, படிச்சுக் காட்டிட்டு ஒப்பம் வாங்கணும்" என்று அவர் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார். கிடைக்க இருந்த ஒரு நிமிஷம் போயிற்று. வக்கீல் வசுந்தராவுக்கு ஐம்பது வயது இருக்கும், கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டு, "உக்காருங்க. போன வாரம் நீங்க சொன்னபடியே எழுதியிருக்கு, தப்பு இருந்தா சொல்லிடுங்க" என்று திருமூர்த்தியைப் பார்த்துச் சொன்னார். போன வாரம் அவர் சொல்லும்போது அவள் ஆஸ்பத்திரிச் சீட்டுகளை ஜெராக்ஸ் எடுக்கத் தெருமுனைக்குப் போயிருந்தாள், திரும்பி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. என்ன சொன்னார் என்று கேட்டுக்கொள்ளவில்லை, கேட்கத் தைரியம் இல்லை. சிங்காரம் கோவிலில் ஏடு படிப்பவர் போல ஒரே ராகத்தில் படித்தார். மனுதாரராகிய நான் மேற்படி தொழிற்கூடத்தில் பதினோரு ஆண்டுகளாகப் பணிபுரிந்து வந்தேன். அந்த ராகத்தில் அவள் மனசு கொஞ்சம் அசந்தது, யாரோ முகம் தெரியாத மனுதாரர் ஒருத்தருடைய கஷ்டத்தைக் கேட்பது போல இருந்தது. மேற்படி ஆயுத பூஜை தினத்தன்று வழக்கப்படி மனுதாரராகிய நானே என் கையால் இயந்திரத்துக்கும் அதன் பாதுகாப்புக் கருவிக்கும் சந்தனம் குங்குமம் வைத்தேன். நானே. என் கையால். அவள் திரும்பிப் பார்த்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை, மேஜை மேலிருந்த பேப்பர் வெயிட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார், காலர் ஒரு பக்கம் ஏறி நின்றது. ஆக, தெரியும் இவருக்கு, எங்கே போய் முடியும் என்று தெரிந்துதான் பெண்டாட்டியைத் தூக்கி அப்பால் வைத்துவிட்டுத் தான் வந்து நின்றிருக்கிறார். படம் இருப்பது மட்டும் தெரியாது. மறுநாள் இயந்திரம் இயங்காததால் ஃபோர்மேன் மேற்படி கருவியை நிறுத்திவிட்டு இயக்கச் சொன்னார், என்று ராகம் போய்க்கொண்டே இருந்தது. இந்தக் காகிதம் கோர்ட்டுக்குப் போகும், அதன் பின்னாலேயே அரக்குப் புடவைப் படமும் போகும், இந்த ஆள் முதல் வரியிலேயே பொய் சொல்லியிருக்கிறார் ஐயா, மிச்சத்தை எப்படி நம்புவது என்று ஒருத்தர் எழுந்து கேட்பார். அவள் வாயைத் திறந்தாள். "அவ்வளவுதான், சரிங்களா?" என்றார் வக்கீல். "சரீங்க" என்றார் திருமூர்த்தி.

சிங்காரம் மைப்பெட்டியைத் திறந்துகொண்டு வந்தார். கை இல்லாதவர்களுக்குக் கால் பெருவிரல் ரேகை, இது ஒன்றும் புதுசு இல்லை, நீங்கள் சங்கடப்படாதீர்கள் என்று சொல்லிக்கொண்டே ஒரு அட்டையைத் தரையில் போட்டு அதன் மேல் மனுவின் கடைசிப் பக்கத்தை வைத்தார். அவரே குந்தி உட்கார்ந்து திருமூர்த்தியின் செருப்பைக் கழற்றினார். "எந்தக் காலுங்க மேடம்?" "வலது கால்" என்றார் வக்கீல் வேறு எதையோ எழுதியபடி. வலது கால். பிரஸ்ஸை இறக்கும் பெடலை மிதித்த கால். உள்ளே மாட்டிய தகட்டை இரண்டு கையாலும் இழுத்துக்கொண்டிருந்தபோது பதினோரு வருஷப் பழக்கத்தில் தானாக மிதித்த கால். மிதித்தாலும் இறங்காது, கண் இருக்கிறது என்று பழகிய கால். அதை அவள் தினமும் கழுவுகிறாள், நகம் வெட்டிவிடுகிறாள், ஒரு நாளும் அதன் மேல் கோபப்பட்டதில்லை. சிங்காரம் பெருவிரலில் மையைத் தேய்த்தார். கறுப்பாக, பளபளவென்று, விரல் காகிதத்துக்கு மேலே வந்தது. "நேரா அமுத்துங்க, பெரட்டாதீங்க." கால் இறங்கத் தொடங்கியது. இறங்கும்போது சத்தமே இல்லை. அவள் யோசித்துச் செய்யவில்லை, எப்போது நாற்காலியை விட்டு எழுந்தாள், எப்போது தரையில் மண்டியிட்டாள் என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. அவள் கை காகிதத்தின் மேல் இருந்தது.

"கையெடு!" என்று அலறினார் திருமூர்த்தி. "கையெடு அம்மணி, கையெடு, கையெடு!" வெடுக்கென்று காலை இழுத்தார், இழுத்த வேகத்தில் நாற்காலி பின்னால் சாய, சிங்காரம் பாய்ந்து தாங்கிக்கொண்டார். அதற்குள் பெருவிரல் அவள் புறங்கையில் பட்டுவிட்டது. ஒன்றும் ஆகவில்லை, வெறும் மை. காகிதம் சுத்தமாக இருந்தது. ஊக்குக் குத்திய சட்டைக்கை இரண்டும் அவளைப் பிடித்து இழுக்க நீண்டபடியே நின்றன. வெளியே பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்து எட்டிப் பார்த்தார்கள். "அந்தப் பொட்டு நான் வெச்சதுங்க" என்றாள் சாந்தாமணி வக்கீலைப் பார்த்து. குரல் அவளுடையது மாதிரியே இல்லை. "படம் இருக்குது, கம்பெனிக்காரங்ககிட்ட இருக்குது. அழிக்காதீங்கன்னு இவரு சொன்னாராமா. எம் பொட்டுன்னு சொன்னாராமா. இன்னிக்குப் பன்னெண்டு மணிக்குள்ள நான் போயி ஒப்பம் வெக்கலைன்னா படம் வெளிய வரும்." சொல்லி முடித்துவிட்டாள். இவ்வளவுதானா, இத்தனை நாள் இதைத்தானா வயிற்றில் கட்டிக்கொண்டு அலைந்தோம் என்று இருந்தது. திருமூர்த்தி அவளையே பார்த்தார். "உனக்கு எப்பத் தெரியும்?" என்றார் மெதுவாக. "செவ்வாக்கெழமை" என்றாள். அவர் முகத்தில் என்ன வந்தது என்று பார்க்க அவளுக்குத் துணிச்சல் இல்லை, அவர் பாதத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். அழுகிறார் என்று மூச்சிலிருந்து தெரிந்தது. கண்ணைத் துடைத்துவிட வேண்டும், அவரால் முடியாது. எழுந்திருக்க அவளாலும் முடியவில்லை.

வக்கீல் கண்ணாடியைக் கழற்றி மேஜை மேல் வைத்தார். "அந்தப் பக்கத்தைக் கிழிச்சுடுங்க சிங்காரம்" என்றார். பிறகு, அவள் எதிர்பார்த்த கேள்வி ஒன்றையும் கேட்கவில்லை, பொட்டைப் பற்றியே கேட்கவில்லை. "அந்தக் கண்ணை அணைக்கணும்னா சாவி போட்டுத்தானே அணைக்கணும்? சாவி யாரு கையில இருந்துச்சு?" என்று கேட்டார். திருமூர்த்தி மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "சின்னராசு கையிலதானுங்க. இடுப்புலயே கோத்து வெச்சிருப்பாரு, ஒருத்தருகிட்டயும் குடுக்க மாட்டாரு" என்றார். சாவி. துணியைச் சொன்னார் பிரபாகர், பொட்டைச் சொன்னார், படத்தைக் காட்டினார், கூண்டைச் சொன்னார், அரைமணி நேரம் நிலைப்படியில் நின்று அத்தனையும் சொன்னார். சாவி என்ற பேச்சு அந்த வாயில் ஒரு தடவைகூட வரவில்லை. "சாவியை அவர்தான் திருப்பினார்னு சொல்ல உங்ககிட்ட ஆள் இருக்கா?" என்றார் வக்கீல். அன்றைக்கு அங்கே இருந்த பத்துப் பேரும் இன்றைக்கும் அதே கம்பெனியில்தான் வேலை செய்கிறார்கள். நாற்காலியில் கிடந்த பைக்குள்ளே போன் மறுபடி அதிர ஆரம்பித்தது, இந்தத் தடவை மர நாற்காலியே சேர்ந்து உறுமியது. மணி பன்னிரண்டுக்குப் பத்து நிமிஷம். "எடுக்காதீங்க" என்றார் வக்கீல். புதுக் காகிதம் ஒன்றை எடுத்து முன்னால் வைத்துக்கொண்டு, "முதல்லேருந்து சொல்லுங்கம்மா, நீங்க சொல்லுங்க" என்றார். சாந்தாமணி புருஷன் முகம் துடைக்க எப்போதும் தோளில் போட்டு வைத்திருக்கும் துண்டை எடுத்தாள். கைக்கு எட்டியது பாதம்தான். போன் ஓயாமல் அதிர்ந்துகொண்டிருக்க, சொல்லிக்கொண்டே அவர் பெருவிரலைத் துடைக்கத் தொடங்கினாள். மை லேசில் போகவில்லை.